கல்லில் மூன்று வரி, ஃப்ளெக்ஸில் இரண்டு

என் மாமனார் தன்னுடைய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸைத் தானே எழுதிவைத்துவிட வேண்டும் என்று கிளம்பியதற்கு நான்தான் காரணம் என்று மனைவி வீட்டில் இன்றுவரை சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. ஆனால் அந்தப் பழியை நான் ஒருவனே சுமக்கவும் முடியாது. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதிக்கும் அதில் பங்கு உண்டு.

நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். பள்ளிப் பிள்ளைகளுக்காக அந்த ஜனாதிபதியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரும்படி தெரிந்த பதிப்பாளர் ஒருவர் கேட்டிருந்தார். "நல்ல விஷயமா எழுதுங்க சார், பிள்ளைங்க படிக்கிறது" என்று இரண்டு தடவை சொன்னார். கோடை விடுமுறை. எங்கள் தெருவில் யாரோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அமெரிக்கா எங்கே ஓடும்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் ஊருக்குப் போய்விட்டேன். அங்கே நல்ல அமைதி. மாமா பேசாத நேரத்தில்.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. முப்பது வருடங்களுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஐந்து வருடம், பஞ்சாயத்துத் தலைவராக இருந்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். தோற்றது அவருக்கு மட்டும் இன்னும் சரியாகத் தெரியவில்லை. கேட்டில் பெயருக்குக் கீழே பதவி பொறித்த பித்தளைப் பலகை இருக்கிறது. 'முன்னாள்' என்ற சொல் கடுகு அளவில் இருக்கும். வாரம் ஒரு முறை புளி போட்டுத் தேய்ப்பார். அதனால் 'முன்னாள்' தேய்ந்துகொண்டே வருகிறது.

நான் எழுதும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். லேப்டாப்பில் அந்த ஜனாதிபதியின் ஓவியம் திறந்திருக்கும். பெயரைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். மாமாவின் வாயில் நுழையவில்லை. 'அமெரிக்காக்காரரு' என்று வைத்துக்கொண்டார். நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

"இன்னிக்கு அமெரிக்காக்காரரு என்ன பண்ணுறாரு மாப்ள?"

"இன்னிக்குச் செத்துப்போறாரு மாமா."

"அடப்பாவமே. என்னைக்கு?"

நாட்டின் சுதந்திரப் பிரகடனம் வெளியாகிச் சரியாக ஐம்பது வருடம் ஆன அதே நாளில் இறந்தார் என்று சொன்னேன். மாமா அசந்துபோனார். "நாள் பாத்துல்ல செத்திருக்காரு!" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "நமக்கெல்லாம் அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு அமையணும்" என்றார்.

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை, அதாவது என் மாமியார், கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அன்னைக்கு எவன் வருவான்? அம்புட்டுப் பேரும் ஆத்துல நிப்பான். நீங்க இங்கன தனியாக் கெடக்க வேண்டியதுதான்."

அந்த யோசனை அதோடு கைவிடப்பட்டது.

நானும் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? அமெரிக்காக்காரர் தன் கல்லறைக் கல்லைத் தானே படம் போட்டு வைத்த கதையைச் சொன்னேன். அதில் என்ன பொறிக்க வேண்டும் என்பதையும் அவரே எழுதிவைத்தார். மூன்றே காரியங்கள். நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியது, தன் மாநிலத்தில் மதச் சுதந்திரத்துக்கான சட்டத்தை எழுதியது, ஒரு பல்கலைக்கழகத்தை உண்டாக்கியது. அதற்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது என்றும் குறித்துவைத்தார்.

மாமா விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஜனாதிபதியா இருந்தது?"

"அதைப் போடல மாமா."

"எத்தன வருசம் இருந்தாரு?"

"எட்டு வருசம். ரெண்டு தடவை ஜெயிச்சாரு."

"ரெண்டு தடவ ஜெயிச்சுப்புட்டு அத எழுதலையா? வயசாயி மறந்துட்டாரோ?"

"மறக்கல மாமா. வேணும்னே விட்டுட்டாரு."

அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்து வருடப் பதவியைப் பித்தளையில் பொறித்துப் புளி போட்டுத் தேய்க்கிற மனிதருக்கு, எட்டு வருடத்தை ஒருவர் எச்சில் இலை மாதிரி தூக்கிப் போட்டது பொறுக்கவில்லை. சாயங்காலம் கேட் பக்கம் நின்று அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஒரு தாளை என் முன் வைத்தார். அவர் இறந்த பிறகு அடிக்க வேண்டிய ஃப்ளெக்ஸுக்கான வாசகம். பையன்களை நம்ப முடியாதாம். ஒருவன் சென்னையில், ஒருவன் துபாயில், அவசரத்தில் கண்டபடி அடித்துவிடுவார்களாம். தாளில் பதினோரு பட்டங்கள் இருந்தன. அவற்றில் 'ஜல்லிக்கட்டுக் காவலர்' என்றும் ஒன்று. அவர் வளர்த்த காளை ஒரே ஒரு தடவைதான் வாடிவாசலுக்குப் போனது. வெளியே வரவே மாட்டேன் என்று நின்றுவிட்டது என்பது ஊரறிந்த விஷயம்.

"இதுல மூணு வச்சுக்கிட்டு மிச்சத்த அடிச்சிருங்க மாப்ள. அமெரிக்காக்காரரு மாதிரி கச்சிதமா இருக்கணும். ஆனா மூணும் நெசமா இருக்கணும்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். இரண்டு மூன்று நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கு அது விளையாட்டு இல்லை. தான் வாழ்ந்ததற்கு மூன்று வரியாவது தேறுமா என்று பயப்படுகிற மனிதரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பாவமாக இருந்தது.

முதல் வரி சுலபமாக அமைந்தது: 'ஊருக்குக் குடிநீர் தந்தவர்.' அவர் தலைவராக இருந்தபோது கட்டிய மேல்நிலைத் தொட்டி இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது. எங்கே நின்று பேசினாலும் அது தன் கண்ணில் படும்படி நின்றுதான் மாமா பேசுவார்.

இரண்டாவது வரி: 'பள்ளிக்கூடத்துக்கு நிலம் தந்தவர்.' இதை அவர் சத்தமாகப் படித்ததுதான் தப்பு.

"யாரு நெலம்?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அத்தை.

"நம்ம நெலம்தான்."

"எங்கப்பா எனக்குச் சீதனமாக் குடுத்த நெலம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? பத்திரத்துல கையெழுத்துப் போடச் சொல்லி பேனாவக் குடுத்தீக. ரேசன் கார்டுக்குன்னு நெனச்சுப் போட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் அமெரிக்காவைப் பார்த்தேன். வரி அப்படியே இருந்தது.

மூன்றாவது வரிதான் அகப்படவில்லை. ஒரு வாரம் தேடினார். கண்மாய்க் கரையில் மரம் நட்டது என்றார். நட்டதெல்லாம் ஆடு தின்றுவிட்டது என்று அவரே அடித்தார். பத்துப் பதினைந்து பஞ்சாயத்தில் நியாயம் சொன்னது என்றார்; தோற்ற பக்கத்துக்காரன் ஃப்ளெக்ஸைக் கிழிப்பான் என்று அதையும் அடித்தார்.

இந்தத் தேடலுக்கு நடுவில்தான் ஒருநாள் கேட்டார்: "மாப்ள, அமெரிக்காக்காரரு நல்லவரா?"

நான் தவிர்த்துக்கொண்டிருந்த கேள்வி அது. மனிதர்கள் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய அந்த மனிதர், வாழ்நாளெல்லாம் நூற்றுக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்று சொன்னேன். அவர்கள் பெயரையெல்லாம் ஒரு பண்ணை நோட்டில் தன் கையால் எழுதி, யாருக்கு எத்தனை கஜம் துணி, யாருக்குப் போர்வை என்று குறித்துவைத்தார். அவர் செத்த பிறகு, வீட்டுச் சாமான்களோடு அவர்களையும் ஏலம் போட்டார்கள்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் சமம்னு எழுதுன அதே கையாலயா? இத அந்தக் கல்லுல போட்டாரா?"

"இல்ல மாமா."

"போட மாட்டாருல்ல. நீங்க உங்க புஸ்தகத்துல எழுதிருக்கீகளா?"

எழுதியிருந்தேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில், ஒரே வாக்கியத்தில், 'அக்கால வழக்கப்படி' என்று தொடங்கி. அதைப் படித்துக் காட்டினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அக்கால வழக்கம்னு எழுதிப்புட்டா முடிஞ்சுபோச்சா?" என்று எழுந்து நின்று சத்தம் போட்டார் மாமா. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தவர், ஏனோ மூடிக்கொண்டார். சன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வயலில் மோட்டார் போட வேண்டும் என்று போய்விட்டார். அன்று கரண்டே இல்லை.

அதன் பிறகு மூன்றாவது வரியைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் ஃப்ளெக்ஸ் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். நான் லேப்டாப்பில் ஒரு மாதிரி தயார் செய்தேன். கறுப்புப் பின்னணி, நடுவில் வேட்டி சட்டையோடு மாமா, கீழே ஒரு வெள்ளைக் கட்டத்தில் ஒன்று, இரண்டு என வரிகள். மூன்று என்று போட்டு எதிரே காலி. தோற்றம் என்பதற்கு எதிரே பிறந்த தேதி. மறைவு என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

இதை மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு அனுப்பி, சும்மா ஒரு தாளில் அடித்துத் தரச் சொல்லலாம் என்பது திட்டம். எனக்கு விடிவதற்குள் எழுந்துவிடும் பழக்கம். காலை ஐந்து மணிக்குப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். 'இது மாதிரிக்காக மட்டும்' என்று அடுத்த செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தபோது போனில் சார்ஜ் தீர்ந்தது. சொருகிவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்து, காபி குடித்து, அமெரிக்காவில் உட்கார்ந்துவிட்டேன். செய்தியை மறந்தே போனேன்.

இப்போது கடைக்காரர் பக்கம் இருந்து பாருங்கள். விடிகாலை ஐந்து மணி. அந்த வீட்டு மருமகனிடமிருந்து கண்ணீர் அஞ்சலிப் படம். கூட ஒரு வார்த்தை இல்லை. துக்கத்தில் இருக்கிறவன் என்ன எழுதுவான்? எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்குப் போன் போட்டு 'அளவு என்ன, எப்ப வேணும்' என்று கேட்கிறவன் மனுசனே இல்லை. சாவு ஃப்ளெக்ஸ் என்றால் கேள்வி கிடையாது. சொந்தக்காரன் வந்து இறங்குவதற்குள் கட்டியிருக்க வேண்டும். அதில் அவருக்குத் தொழில் பக்தி. எட்டுக்கு ஆறு அளவில் அடித்து, தானே பைக்கில் கொண்டுவந்து, பஸ் ஸ்டாப்பில் சாரம் நிறுத்திக் கட்டிவிட்டார். மறைவுத் தேதி காலியாக இருந்ததைப் பார்த்து, பதட்டத்தில் விட்டிருப்பார்கள் என்று அன்றைய தேதியை அவரே போட்டிருந்தார். மூன்றாவது வரியை மட்டும் தொடவில்லை. அதை நிரப்பத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாராம்.

ஏழு மணி பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்தார்கள். ஏழரைக்கு முதல் மாலை எங்கள் வாசலுக்கு வந்தது.

மாமா அப்போது முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மாலையோடு வந்தவர் மாமாவின் பங்காளி. வரப்புத் தகராறில் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "அண்ணே, போயிட்டீகளாண்ணே!" என்று தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தவர், வாயில் நுரை வழிய நின்ற மாமாவைப் பார்த்ததும் அழுகையைப் பாதியில் நிறுத்தினார். பேசுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. செத்தால் பகை தீர்ந்தது, சாகவில்லையே?

"என்னடா?" என்றார் மாமா, வாயைக் கொப்பளித்துவிட்டு.

"உசுரோடவா இருக்கீக?" என்றார் அவர், கொஞ்சம் குறையாகவே.

நான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். நடந்ததைச் சொன்னேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். என் பட்டப்படிப்பையும் சேர்த்துத் திட்டினார். அதற்குள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சாவு வீட்டுக்கு வாங்கிய மாலையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. என்ன செய்வது என்று எல்லாரும் முழித்தார்கள். கடைசியில் பங்காளிதான் துணிந்து, "பொன்னாடை போத்துறதா நெனச்சுக்கங்கண்ணே" என்று மாமாவின் கழுத்தில் போட்டார். அடுத்தவர்களும் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாலைக்கு மேல் மாமாவின் கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது.

முதலில் கொதித்த மாமா, போகப்போக நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை கிடைக்கும்? வந்தவர்கள் எல்லாரும் ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "மூணுன்னு போட்டு ஒண்ணும் இல்லையே, அது என்ன?" கேட்டுவிட்டு ஆளுக்கொன்று சொல்லவும் செய்தார்கள். சோசியர் 'வாக்கு மாறாதவர்' என்றார். டீக்கடைக்காரர் 'பாக்கி வைக்காதவர்' என்றார். பங்காளி ரொம்ப யோசித்து, 'வரப்பு விஷயத்தைத் தவிர நல்லவர்' என்று போடலாம் என்றார். ஒருவர்கூட அவர் பிரசிடெண்டாக இருந்ததைப் போடச் சொல்லவில்லை. மாமா அதைக் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும், நானும் கவனித்தேன்.

ஒன்பது மணி வாக்கில் கீழத்தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தார். மாமா வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வாழ்நாளெல்லாம் வந்தவர். ஒரு கையில் ஒரு முழம் சம்பங்கி, மறு கையில் பேத்தி. கூட்டத்துக்கு அந்தப் பக்கம், வழக்கம்போல, கேட்டுக்கு வெளியே நின்றார். விஷயம் சொன்னார்கள். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டும் போகவில்லை.

"உள்ள வா தாயி. ஒனக்கு என்ன தோணுது மூணாவதுக்கு?" என்று கேட்டார் மாமா. அன்று அவர் அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார்.

அந்த அம்மா கேட்டைத் தாண்டவில்லை. அங்கிருந்தே சொன்னார்: "மூணாவது எனக்குத் தெரியாதுய்யா. ஒண்ணாவத எம் பேத்தி படிச்சுக் காட்டுச்சு. ஊருக்குத் தண்ணி குடுத்தவுகன்னு. அந்தத் தொட்டியில இருந்து எங்க தெருவுக்கு கொழா வர பதினஞ்சு வருசம் ஆச்சு. நீங்க பிரசிடெண்டா இருந்த அஞ்சு வருசமும் எங்கம்மா குடத்தத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குத்தான் போச்சு. செத்தவுகளப் பத்தி இதெல்லாம் சொல்லக் கூடாது. அழுதுட்டுப் போயிருவோம்னுதான் வந்தேன். உசுரோட இருக்கீக. அதான் சொல்லிட்டேன்."

யாரோ ஒருவர் அதட்டப் போனார். மாமா கையைத் தூக்கி நிறுத்தினார். "மேலத்தெருக்காரவுக சம்மதிக்கல தாயி. அப்பல்லாம் வழக்கம்..." என்று ஆரம்பித்தார்.

அந்தச் சொல்லில் நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் புத்தகத்தின் கடைசிக்கு முந்தின பக்கம் இரண்டு பேர் மனதிலும் ஒரே நேரத்தில் திறந்தது.

மாமா எழுந்து மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலியில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தகவல் தெரிந்து, அங்கே சாரத்துக்குக் கீழே முகம் வெளிறி நின்றுகொண்டிருந்தார்.

"பெரியப்பா, மன்னிச்சிருங்க பெரியப்பா, இந்தா கழட்டிர்றேன்."

மாமா அவரைக் கண்டுகொள்ளவில்லை. தன் படத்தை அண்ணாந்து பார்த்தார். "காது இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்றார். பிறகு, கடைக்காரர் சட்டைப் பையில் அளவு குறிக்க வைத்திருந்த கறுப்பு மார்க்கரை உருவினார். பஸ் ஸ்டாப் சிமெண்டு பெஞ்சில் ஏறினார். விழுந்துவிடுவாரோ என்று நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வரிக்கு முன்னால் 'மனைவியின் நிலத்தை' என்று எழுதினார். 'நிலம் தந்தவர்' என்பதில் 'நிலம்' என்ற சொல்லை அடித்தார். "உங்க அத்தைகிட்டச் சொல்லிருங்க மாப்ள" என்றார் கீழே பார்க்காமல்.

முதல் வரிக்கு வந்தபோது கை நின்றது. கூட்டத்தின் கடைசியில் அந்த அம்மா பேத்தியின் கையைப் பிடித்தபடி நிற்பதை நான் பார்த்தேன். மாமா மார்க்கரை அழுத்திப் பிடித்து, 'ஊருக்கு' என்பதற்கு முன்னால் ஒரு சொல் சேர்த்தார். நடுங்கின எழுத்து. ஆனால் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. அந்தப் பேத்தி சத்தமாகப் படித்தது: 'பாதி ஊருக்குக் குடிநீர் தந்தவர்.'

மாமா என் தோளைப் பிடித்து இறங்கினார். மூன்றாவது வரி அப்படியே காலியாக இருந்தது.

"கழட்டிருவோமா பெரியப்பா?" என்று கேட்டார் கடைக்காரர், அழுகிற குரலில்.

மாமா மார்க்கரை அவர் கையில் கொடுத்தார்.

"இருக்கட்டும்டா. தேதிய மட்டும் அழிச்சு விடு."